துப்பாக்கிக் குழலின் ஆயுள் பத்து விநாடி

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



தேசிய சேவை குறித்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய கருத்தரங்கின் நோக்கம். எனக்கு முன் பேசியவர்கள் உணவு, உடற்பயிற்சி, மேற்படிப்பு என்று பலவற்றையும் தொட்டுவிட்டார்கள். என் பங்குக்கு வந்தது ஒரே ஒரு கேள்வி. ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "என் மகனுக்குக் கொடுத்திருக்கும் துப்பாக்கி அவனுக்கு முன்பு எத்தனையோ பேர் கையிலிருந்ததாம். பழைய துப்பாக்கி சுடும்போது வெடித்துவிடாதா? ஒரு துப்பாக்கி எத்தனை வருடம்தான் தாங்கும்?"

ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை என்னிடம் தள்ளிவிட்டார்கள். கேள்வி நியாயமானது. சிங்கப்பூரில் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. காயப்படுத்தும் நோக்கத்தோடு ஒருவர் சுட்டாலே, யார் மீதும் படாவிட்டாலும், மரண தண்டனை என்கிறது 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம். ஆகவே நம் பிள்ளைகள் துப்பாக்கியை முதன்முதலாகத் தொடுவது பெரும்பாலும் புலாவ் தெக்கோங்கில்தான். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டே மகனைப் பற்றிக் கவலைப்படும் ஒரு தாய்க்கு அந்த இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். தேய்ந்த குழல் வெடிக்காது. தேய்ந்த குழல் குறி தவறும், அவ்வளவுதான். வெடிப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். துப்பாக்கியின் மற்ற பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். சுருள்வில் தளர்ந்தால் புதிய சுருள்வில், ஊசி உடைந்தால் புதிய ஊசி. ஆக, ஒரு துப்பாக்கி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் அதன் குழல் எத்தனை நாள் தாங்கும் என்றுதான் பொருள்.

அதை வருடத்தில் சொல்ல முடியாது. எண்ணெய் போட்டு, உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் நூறு வருடம் ஆனாலும் குழலுக்கு ஒன்றும் ஆகாது. சுட்டால்தான் தேயும். எம்-16 வகைத் துப்பாக்கியின் குழல் பத்தாயிரம், பதினைந்தாயிரம் குண்டுகள் வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. இதை வேறு விதமாகப் பாருங்கள். குழலின் நீளம் 508 மில்லிமீட்டர். குண்டு அதைவிட்டு வெளியேறும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 990 மீட்டர். அப்படியானால் ஒரு குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்தாயிரம் குண்டுக்கும் சேர்த்துக் கூட்டினால் பத்து விநாடி. ஒரு குழல் தன் வாழ்நாள் முழுவதும் உண்மையில் வேலை செய்யும் நேரம் அவ்வளவுதான். நான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் ஒரு குழலின் ஆயுள் முடிந்துவிடும்.

பத்தே விநாடியில் நல்ல எஃகு தேய்ந்துபோகிறது என்றால் அந்தப் பத்து விநாடியில் என்னதான் நடக்கிறது?

தோசைக்கல்லும் ஊதுகுழலும்

குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. திருகாணியைப் போல் சுழன்று செல்லும் புரிகள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் புரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியே வருவதால்தான் பம்பரம் போல் நேராகப் பறக்கிறது. எம்-16இன் பழைய குழலில் விநாடிக்கு மூவாயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும். அந்தப் புரிகளின் மேடு எவ்வளவு உயரம் தெரியுமா? ஒரு தலைமுடியின் தடிமன். அந்த மேடு இருக்கும் வரைதான் துப்பாக்கி துப்பாக்கியாக இருக்கும்.

குண்டு உரசி உரசித்தான் குழல் தேய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உரசுவதும் உண்டு. ஆனால் குண்டின் மேலுறை செம்புக் கலவை, குழலோ எஃகு. செம்பு எஃகைத் தின்ன நெடுநாள் ஆகும். எஃகைத் தின்பது நெருப்பு. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரியும்போது வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகிறது. எஃகு உருகுவதே சுமார் 1,500 டிகிரியில். அழுத்தமோ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு. இவ்வளவும் தோட்டா அமர்ந்திருக்கும் அறையிலிருந்து 5.56 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் திரும்பும் அந்த ஒரு விரற்கடை இடத்தில்தான் மோதுகின்றன. நாங்கள் அந்த இடத்தைத் தொண்டை என்போம். குழல் முதலில் சாவது தொண்டையில்தான்.

சிராங்கூன் சாலையில் பழைய பத்தர்கள் ஊதுகுழல் வைத்து வேலை செய்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். சின்ன விளக்குச் சுடர்தான். அதையே குழலால் ஊதி ஒரு புள்ளியில் பாய்ச்சினால் பொன் உருகும். தொண்டையில் நடப்பதும் அதுதான். இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் எஃகின் மேல்தோல் மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடாகி, உள்ளே இருக்கும் குளிர்ந்த எஃகு அதை இழுத்துக்கொள்வதால் உடனே ஆறுகிறது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது போல. பத்து முறை தெளித்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பல ஆயிரம் முறை தெளித்தால்? குழலின் உட்புறத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் கோடையில் வறண்ட ஏரித் தரை போல் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். அந்த வெடிப்புகளின் ஓரத்தை அடுத்த குண்டின் நெருப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டு போகும்.

வயிறு பெருத்துக் கழுத்து ஒடுங்கிய தோட்டாக்கள் குழலைச் சீக்கிரம் தின்பதற்கும் இதுவே காரணம். நிறைய மருந்து, சிறிய ஓட்டை. தொலைதூரம் குறிபார்த்துச் சுடுபவர்கள் பயன்படுத்தும் சில வகைத் துப்பாக்கிகளில் ஓராயிரம், ஆயிரத்தைந்நூறு குண்டிலேயே குழலின் கூர்மை போய்விடும். இதற்கு நேர்மாறு விளையாட்டுத் துப்பாக்கிகள். காமன்வெல்த் போட்டிகளில் சிங்கப்பூருக்குத் தங்கம் வாங்கித் தந்த ஜாஸ்மின் செர், மார்ட்டினா வெலோசோ, நம் கடலூரில் பிறந்து உலகக் கிண்ணம் வரை போன இளவேனில் வாலறிவன் ஆகியோர் பத்து மீட்டர் போட்டியில் கையில் பிடிப்பது காற்றுத் துப்பாக்கி. அதில் நெருப்பே இல்லை, ஈயக் குண்டும் மெத்தென்றது. அந்தக் குழல் தேய்வதில்லை என்றே சொல்லலாம்.

பெரிய பக்கத்துக்குப் போனால் கணக்கு இன்னும் விசித்திரம். சாங்கியில் ஜோகூர் பீரங்கித் தளத்தில் மாதிரிப் பீரங்கி ஒன்று 2002இலிருந்து இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். அங்கே அசலாக இருந்தவை 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று. ஒரு குண்டின் எடை ஏறத்தாழ 880 கிலோ. அவ்வளவு பெரிய குழலின் ஆயுள் முழு அளவு மருந்தில் முந்நூற்றுச் சொச்சம் குண்டுகள்தான். பெரிய உருவத்தைப் பார்த்து ஆயுளைக் கணிக்க முடியாது.

அருவங்காட்டில் செய்த நெருப்பு

மருந்து எவ்வளவு சூடாக எரிகிறதோ அவ்வளவுக்குக் குழலின் ஆயுள் குறையும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

பிரிட்டிஷ் படை 1888இல் லீ-மெட்போர்டு என்ற துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் புரிகள் ஆழமில்லாமல், ஓரங்கள் வளைவாக இருக்கும். அக்காலக் கரிமருந்து நிறைய கசடு விடும். கசடு தங்காமல் இருக்க அந்த வடிவம் உகந்தது. பிறகு கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. நூல் நூலாக, காய்ந்த சேமியா போல் இருக்கும். அதில் பாதிக்கும் மேல், நூற்றுக்கு 58 பங்கு, நைட்ரோகிளிசரின். கசடு இல்லை, புகை இல்லை, வேகம் அதிகம். எல்லாருக்கும் மகிழ்ச்சி. குழலுக்கு மட்டும் கேடு காலம். அந்த மென்மையான புரிகளைக் கார்டைட்டின் சூடு வழித்து எடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஐந்து ஆழமான, சதுர ஓரப் புரிகள் கொண்ட குழலை எடுத்து 1895இல் அதே துப்பாக்கியில் பொருத்தினார்கள். அதுதான் லீ-என்பீல்டு. தமிழ்ப் படங்களில் போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப்போன த்ரீ நாட் த்ரீ அந்த வம்சம்தான்.

புரியை மாற்றியது மட்டும் போதவில்லை. போயர் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே மருந்தையும் மாற்றினார்கள். நைட்ரோகிளிசரினை 58 பங்கிலிருந்து 30 பங்காகக் குறைத்தார்கள். சூடு குறைந்தது, குழலின் ஆயுள் கூடியது. இந்தியப் படைக்கு வேண்டிய கார்டைட்டைச் செய்ய 1903இல் தொழிற்சாலை அமைந்தது நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள அருவங்காட்டில். ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்கள் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே அந்த நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். தேயிலையும் குளிரும் மட்டும் நினைவிருக்கும். த்ரீ நாட் த்ரீக்கான மருந்து அந்தக் குளிரில்தான் தமிழர் கைகளால் தயாரானது. தொழிற்சாலை இன்றும் இருக்கிறது, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ்.

அவசரம்தான் எமன்

எத்தனை குண்டு சுட்டோம் என்பதைவிட எவ்வளவு அவசரமாகச் சுட்டோம் என்பதுதான் குழலுக்கு முக்கியம். இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க விரும்பினால் இதை வையுங்கள்.

எம்-16 தானாகச் சுடும் நிலையில் நிமிடத்துக்கு எழுநூறு குண்டுக்கும் மேல் துப்பும். ஆனால் தொடர்ந்து சுடும்போது நிமிடத்துக்கு 12 முதல் 15 குண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதன் கையேடே சொல்கிறது. எழுநூறு எங்கே, பதினைந்து எங்கே! அந்த வித்தியாசம் முழுவதும் சூட்டுக்காகத்தான். 140 குண்டை விடாமல் சுட்டால் அறை எவ்வளவு சூடாகுமென்றால், விசையைத் தொடாமலே உள்ளே இருக்கும் தோட்டா தானே வெந்து வெடிக்கக்கூடும். அதற்கு மேலும் சுட்டுக்கொண்டே போனால் எஃகு இளகும். எம்-16இன் தம்பியான எம்-4 துப்பாக்கியை அமெரிக்காவில் நிறுத்தாமல் சுட்டுச் சோதித்தபோது ஐந்நூற்றுச் சொச்சம் குண்டில் குழல் வாய் பிளந்தது. நிதானமாகச் சுட்டிருந்தால் பத்தாயிரம் தாங்கக்கூடிய அதே வகைக் குழல்!

ஆப்கானிஸ்தானில் 2008 ஜூலை 13ஆம் தேதி வானட் என்ற இடத்தில் அமெரிக்கப் படைமுகாம் தாக்கப்பட்டது. ஒன்பது வீரர்கள் மாண்டனர். உயிருக்குப் போராடும் வேளையில் யார் நிமிடத்துக்குப் பதினைந்து என்று எண்ணிக்கொண்டிருப்பார்? துப்பாக்கிகள் சூடேறி நின்றுபோனதை உயிர்தப்பியவர்கள் சொன்னபோது அந்நாட்டில் பெரிய விவாதம் எழுந்தது. துப்பாக்கி மீதா குற்றம், பயன்படுத்திய விதத்திலா என்று இன்றும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இலேசான துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியின் வேலைக்கு இழுத்தால் அது அப்படித்தான் நடந்துகொள்ளும். எடையைக் குறைக்கக் குறைக்கச் சூட்டை வாங்கிக்கொள்ள எஃகு குறைவு.

அதனால்தான் இயந்திரத் துப்பாக்கிக்கு மாற்றுக் குழல் கொடுக்கிறார்கள். நம் சிங்கப்பூரிலேயே 1970களின் கடைசியில் வடிவமைத்துச் செய்த அல்டிமேக்ஸ் 100 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன் இங்கே வந்திருந்து உருவாக்கியது. ஆரம்ப வடிவம் ஒன்றில் குழல் நிலையாகப் பொருத்தப்பட்டது. அடுத்து வந்த மார்க் 3இல் குழலைச் சட்டென்று கழற்றி மாற்றிக்கொள்ளலாம். தேசிய சேவையில் அதைத் தூக்கிச் சுமந்த அப்பாக்கள் இந்த அரங்கிலும் இருப்பார்கள்.

1967: இரண்டு காடுகள்

சிங்கப்பூரில் தேசிய சேவை தொடங்கிய 1967ஆம் ஆண்டிலேயே சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டது. முதல் வேலை 5.56 மில்லிமீட்டர் தோட்டா செய்வது. பின்னர் கோல்ட் நிறுவனத்தின் உரிமம் பெற்று எம்-16 துப்பாக்கியையும் இங்கேயே செய்தார்கள். எம்-16எஸ்1 என்று பெயர். 1980களில் சார்-80, 1999இல் சார்-21 என்று அது வளர்ந்தது.

அதே 1967இல் அந்த எம்-16 வியட்நாம் காட்டில் பெரிய சிக்கலில் மாட்டியிருந்தது. இது நம் காட்டைப் போன்றே ஈரக்காடு. தோட்டாவின் மருந்தை வேறு வகைக்கு மாற்றியிருந்தார்கள். இந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற எண்ணம் வேறு பரவி, பலருக்குச் சுத்தம் செய்யும் கருவிகளே போய்ச் சேரவில்லை. அறையில் துரு ஏறி, சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. கூட்டைத் தள்ளி எடுப்பதற்குள் வீரர்கள் உயிரிழந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவ்வாண்டே விசாரித்தது. அதன் பிறகுதான் தோட்டா அறைக்கும், பின்னர் குழல் முழுவதற்கும் குரோமியப் பூச்சு வந்தது.

குரோமியம் 1,900 டிகிரியில்தான் உருகும். துருப்பிடிக்காது. நெருப்புக்கும் ஈரத்துக்கும் அது ஒரு கவசம். இதில் வருத்தமான வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடத்தை ஜப்பானியர் முன்பே படித்திருந்தார்கள். 1939இல் ஏற்றுக்கொண்ட அவர்களின் 99ஆம் வகைத் துப்பாக்கிக்குக் குழலுக்குள் குரோமியப் பூச்சு இருந்தது. ஆசியாவின் ஈரத்தில் போர் செய்பவருக்கு அது தேவை என்று தெரிந்திருந்தது. திருச்சியில் 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையில் செய்த இன்சாஸ் துப்பாக்கியின் குழலுக்குள்ளும் குரோமியம்தான். திருச்சிக்கு அடிக்கடி விமானம் ஏறுபவர்களே, அந்தத் தொழிற்சாலை விமான நிலையத்திலிருந்து அதிகத் தூரமில்லை.

கெட்டில் தண்ணீர்

துரு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராணி ஜான்சிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22இல் இதே சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய எத்தனையோ தமிழ்ப் பெண்கள் கேப்டன் லட்சுமியின் தலைமையில் துப்பாக்கி ஏந்தினார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பிரிட்டிஷார் சரணடைந்தபோது விட்டுப்போன ஆயுதங்கள். அந்தக் காலத்து த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் பின்புறத்தில் தீப்பொறி கிளப்பும் சிறு மருந்து இருக்கும், தீபாவளிக்கு ஊரில் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடி போல. அது எரிந்த பின் குழலுக்குள் ஒரு வகை உப்பு படியும். நம் சமையல் உப்பின் பங்காளி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசியும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும் இந்தத் தீவில் அந்த உப்பு ஒரே இரவில் குழலைச் சொறிபிடிக்க வைத்துவிடும்.

எண்ணெயில் உப்பு கரையாது. அதனால் எண்ணெய் போட்டுத் துடைத்தவர்கள் குழல் கெட்டது. கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றிவிட்டு, காயவைத்து, பிறகு எண்ணெய் போட்டவர்கள் குழல் பிழைத்தது. இன்றைய 5.56 தோட்டாவில் அந்த உப்பு மருந்து கிடையாது. ஆகவே தயவுசெய்து யாரும் மகனிடம் கொதிநீர் ஊற்றச் சொல்ல வேண்டாம்!

இன்றைய ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. குண்டு சுட்டுக் குழலைக் கெடுத்தவர்கள் ஒரு பக்கம் என்றால், சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கெடுத்தவர்கள் இன்னொரு பக்கம். சுத்தம் செய்யும் கம்பியில் மண் ஒட்டியிருந்தால் அது உப்புத்தாள் ஆகிவிடும். கம்பியை முனைப்பக்கமாக நுழைத்துக் கோணலாக ஆட்டினால் குழலின் வாய் ஒரு பக்கம் தேயும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அந்த வாய்தான். வட்டமான வாய் ஒரு மயிரிழை கோணலானால் போதும், பின்னாலிருந்து வரும் வாயு குண்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். உள்ளே பளபளவென்று இருக்கும், குறி மட்டும் விலகும். இரவு வெகுநேரமாகிவிட்டது, நாளை சோதனை, ஆயுத அறையில் ஒப்படைக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கும் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! ஆனால் அவன் திருப்பிக் கொடுக்கும் துப்பாக்கியைத்தான் அடுத்த தொகுதியில் உங்கள் தங்கை மகன் வாங்கப் போகிறான். அறையின் பக்கத்திலிருந்து நுழைத்து, ஒரே திசையில் இழுத்து, துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். புல்-துரூ என்று பையன்கள் சொல்லும் கயிறு அதற்காகவே வந்தது. கம்பியைவிடக் கயிறு சாது.

குழல் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

"நான் மார்க்ஸ்மன் வாங்காததற்குப் பழைய துப்பாக்கிதான் காரணம்" என்று வீட்டில் சொல்லும் பிள்ளைகள் உண்டு. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பத்தில் ஒன்பது முறை குழலில் கோளாறு இருக்காது, மூச்சிலும் விசையை இழுக்கும் விரலிலும்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

தேய்மானத்தை நாங்கள் ஊகித்துச் சொல்வதில்லை. அளவுகோல் ஒன்று உண்டு. மெல்லிய கம்பி போல இருக்கும். அதை அறைப்பக்கமாக உள்ளே விட்டால் தொண்டை எவ்வளவு அகன்றிருக்கிறதோ அவ்வளவு ஆழம் இறங்கும். குறிப்பிட்ட கோட்டைத் தாண்டி இறங்கினால் அந்தக் குழல் கழிவு. பேச்சுக்கே இடமில்லை. துப்பாக்கியின் பதிவில் எழுதி, குழலை மாற்றிவிடுவது வழக்கம்.

அளவுகோல் இல்லாதவர் இலக்கு அட்டையைப் பார்க்கலாம். முதலில் ஓட்டைகள் சிதறும். ஒரே துப்பாக்கியை நல்ல சுடுநர்கள் இருவர் மூவர் சுட்டும் சிதறினால் குழலைச் சந்தேகிக்க வேண்டும். இன்னும் மோசமானால் அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக நீள ஓட்டை விழும், பழைய பூட்டின் சாவித் துவாரம் போல. புரிகள் பற்றாமல் குண்டு குட்டிக்கரணம் அடித்துப் படுக்கைவாட்டில் போய் மோதியிருக்கிறது என்று பொருள். அப்படி ஓர் ஓட்டையைப் பார்த்தால் உங்கள் மகன் கூச்சப்படாமல் உடனே தன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். அது அவன் மதிப்பெண்ணைக் காப்பாற்றும் சாக்கு அல்ல, மற்றவர்களின் பாதுகாப்பு.

இப்போது அந்தத் தாயாரின் பயத்துக்கு வருகிறேன். குழல் வெடிக்குமா? வெடிக்கும், உள்ளே ஏதாவது அடைத்திருந்தால். மண், துடைத்த துணி, முன்பு சுட்டு வெளியேறாமல் தங்கிப்போன குண்டு. இவற்றையெல்லாம்விட நம் பிள்ளைகள் அறியாமல் செய்யக்கூடியது தண்ணீர். 5.56 ஓட்டை அவ்வளவு குறுகல். மழையிலோ ஆற்றிலோ நனைந்தால் தண்ணீர் தானாக வழிந்துவிடாது. ஸ்டிராவின் மேல்முனையை விரலால் மூடித் தூக்கினால் பானம் உள்ளேயே நிற்குமே, அப்படி நிற்கும். குண்டுக்கு முன்னால் நிற்கும் அந்தத் தண்ணீர் ஒதுங்க வழியில்லாமல் குழலைப் பிளக்கும். அதற்கு வழி: முனையைத் தரையை நோக்கிப் பிடித்து, பின்னாலிருக்கும் இழுப்பானைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் காற்று புக விட வேண்டும். தண்ணீர் வடிந்துவிடும். காட்டுப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவனுக்கும் இதைச் சொல்லித் தருகிறார்கள். களைத்துப்போன மூன்றாம் நாள் மழையில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அம்மா, உங்கள் மகன் கையில் இருப்பது சார்-21 என்றால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் தோட்டா அறை கன்னத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அதை வடிவமைத்தவர்களுக்கும் உங்கள் பயம் வந்திருக்கிறது. அறைக்குள் அழுத்தம் மிஞ்சினால் வெளியேற ஒரு துவாரமும், கன்னம் படும் இடத்தில் கெவ்லார் என்ற தகடும் வைத்திருக்கிறார்கள். குண்டு துளைக்காத மேலங்கி செய்வார்களே, அதே பொருள். அடுத்த முறை மகன் வார இறுதிக்கு வீட்டுக்கு வரும்போது, அந்தத் தகடு எங்கே இருக்கிறது, தண்ணீர் புகுந்தால் எப்படி வடிப்பாய் என்று இரண்டையும் கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்னால் நிம்மதியாகச் சாப்பாடு போடலாம்.

நேரம் முடிந்தது என்று சைகை காட்டுகிறார்கள்.